சாட்சியும் அயலானும்

திருட வழியில்லாமையால் திருடாதிருப்பவனை நல்லவன் என்று சொல்லலாமா என்னும் கேள்வி, தர்ம விசாரம் செய்தோர் எல்லாரையும் ஏதேனும் ஒரு கட்டத்தில் வந்து தொட்டிருக்கிறது. ஆனால் அக்கேள்வி ஒருநாள் அரசாங்க அலுவலகத்தின் டெண்டர் பிரிவில் வந்து நாற்காலி போட்டு உட்காரும் என்று அவர்களில் எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இன்று அது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சாக்கட்டியிலிருந்து ஆற்றுப் பாலம் வரை அரசாங்கம் வாங்கும் பொருளும் செய்விக்கும் வேலையும் கணினி வழியாகவே நடைபெற வேண்டும் என்னும் ஏற்பாடு நம் நாட்டில் கால் நூற்றாண்டாக மெல்ல மெல்ல வேரூன்றி வருகிறது. 1998-ல் தமிழ்நாடு, இந்திய மாநிலங்களில் முதலாவதாக, ஒப்பந்தப்புள்ளிகளின் வெளிப்படைத்தன்மைக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 2000-ல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையொப்பத்துக்கு மைக் கையொப்பத்தின் அந்தஸ்தை அளித்தது. 2003-ல் ஆந்திரப் பிரதேசம் மின்னணு டெண்டரைத் தொடங்கியது. 2016 ஆகஸ்டு 9 அன்று மத்திய அரசு ‘ஜெம்’ என்னும் இணையச் சந்தையைத் திறந்து, மறு ஆண்டு அக்டோபர் 31 அன்று, அதுவரை தனக்காகக் கொள்முதல் ஏற்பாடுகளைச் செய்துவந்த பழைய தலைமை இயக்ககத்தை மூடியும் விட்டது.

பழைய முறையை அறிந்தவர்களுக்கு டெண்டர் பெட்டி என்பது மறக்கக்கூடிய வஸ்து அன்று. மேலே ஒரு நீண்ட பிளவும், பக்கவாட்டில் பூட்டும், பூட்டின்மேல் சீட்டு ஒட்டி அரக்கு முத்திரையுமாக அது தாழ்வாரத்தில் வைக்கப்பட்டிருக்கும். பிற்பகல் மூன்று மணி என்று விளம்பரத்தில் கண்டிருந்தால், இரண்டரை மணிக்கே அலுவலக வாசலில் சில பேர் வேலையற்றவர்களைப்போல் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுடைய வேலையே நிற்பதுதான். வெளியூரிலிருந்து உறையும் கையுமாக வருகிற ஒருவனை அவர்கள் அடிக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. டீக்கடைக்கு அழைத்துப்போய் மூன்றேகால் மணி வரை மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தால் போதும். பிறகு பெட்டி திறக்கப்படும்; உறைகள் எண்ணப்படும்; பொறியாளர் பக்கந்தோறும் சுருக்கொப்பமிட்டு, அடித்தல் திருத்தல்களை வட்டமிட்டு, வீதங்களை உரக்கப் படிப்பார்; சட்டம் கேட்கிற சடங்குகளில் ஒன்றும் குறையாது. மூன்று உறைகளில் இரண்டு ஒப்புக்குப் போடப்பட்டவை என்பது படிப்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும், தாழ்வாரத்துத் தூணுக்கும் தெரியும்.

இப்போது அந்தப் பெட்டிக்கு வேலை இல்லை. தேசியத் தகவலியல் மையம் அமைத்து, பல மாநிலங்கள் கையாளுகிற முறையில், ஒப்பந்ததாரர் தம் ஊரிலிருந்தே விலைப்புள்ளியைச் சங்கேதமாக்கி அனுப்பிவிடுகிறார்; கெடு முடிகிற கணத்தைச் சுவர்க்கடிகாரமன்று, சர்வரின் கடிகாரம் தீர்மானிக்கிறது; திறக்கும் உரிமை பெற்ற அதிகாரிகளில் இருவராவது தத்தம் டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய டோக்கனைக் கணினியில் செருகினாலன்றி உள்ளே இருக்கும் தொகை எவர் கண்ணுக்கும் புலப்படாது; யார், எப்போது உள்ளே வந்தார், எதைத் தொட்டார் என்பதெல்லாம் குறிப்பாகப் பதிந்துகொண்டே போகும். இதைக் கண்டு, இனி லஞ்சம் ஒழிந்தது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. கையைக் கட்டிவிட்டீர்கள், மனத்தை என்ன செய்தீர்கள் என்று பெருமூச்சு விட்டவர்களும் உண்டு.

காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தருக்குத் தனிக் கோயில் இருக்கிறது. ஏடும் எழுத்தாணியுமாக வீற்றிருக்கும் அந்தத் தெய்வத்தின் முன் நிற்பவன், எவரும் பார்க்கவில்லை என்று எண்ணித் தான் செய்ததும் எழுதப்பட்டுவிட்டது என்னும் நினைவோடு நிற்கிறான். அந்த நினைவு மனிதனைப் பயந்தாங்கொள்ளியாக்குகிறது என்பார் சிலர். பயத்தில் தொடங்கினாலும் பழக்கத்தில் அது சுபாவமாகிவிடும் என்பார் வேறு சிலர். ஆன்மலாபத்தைப் பற்றிய இந்தத் தர்க்கத்தில் இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் அரசாங்கம் குருபீடம் அன்று. ஓர் உதவிப் பொறியாளரின் அந்தராத்மா பரிசுத்தமாக இருக்கிறதா என்று விசாரிக்க அதற்கு அதிகாரமும் இல்லை, திறமையும் இல்லை. அதனால் செய்யக்கூடியது ஒன்றுண்டு: பலவீனனைச் சோதனைக்கு உள்ளாக்காமல் இருப்பது. எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததா என்று அன்போடு விசாரித்து, கிடைக்கவில்லை என்றால் தமக்குத் தெரிந்த ஒரு தாளாளர் இருக்கிறார் என்று சொல்லி எழுந்துபோகிற மனிதரின் பிடியிலிருந்து அந்தப் பொறியாளரை விடுவிப்பது, அவர்மேல் கொண்ட அவநம்பிக்கை என்பதைவிட, அவர்மேல் காட்டிய இரக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இயந்திரத்துக்கு மகனைப் பற்றிக் கேட்கத் தெரியாது என்பது அதன் குறையன்று.

இருந்தாலும், எல்லாவற்றையும் பதிந்துவைக்கும் இந்த இயந்திரச் சாட்சியிடம் அளவுக்கு மீறி எதிர்பார்த்துவிடக் கூடாது. வேதாந்திகள் சாட்சி என்று சொல்லும்போது, அது காண்பதன்றிச் செய்வதில்லை என்பதைக் கூடவே சொல்லிவைக்கிறார்கள். சத்தீஸ்கர் மாநிலத்தின் மின்னணுக் கொள்முதலை ஆராய்ந்து, 2019-ல் சட்டசபைமுன் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கையைப் படித்தால் இது விளங்கும். டெண்டர் விட்ட அதிகாரியும் டெண்டர் போட்டவரும் ஒரே கணினியைப் பயன்படுத்திய விவகாரம், ஆயிரத்துக்கு மேற்பட்ட டெண்டர்களில் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், எந்தப் பதிவும் அழிக்கப்பட்டிருக்கவில்லை. இயந்திரம் தன் கடமையைச் செய்து, ஒவ்வொரு தடவையும் எழுதித்தான் வைத்திருந்தது. தணிக்கையாளர் வந்து புரட்டும்வரை அந்த ஏட்டைப் புரட்டுவார் இல்லை. சித்திரகுப்தர் எழுதுவது யமதர்மன் படிப்பதற்காக. படிக்கிறவன் இல்லாத இடத்தில் எழுதுகிறவன் எவ்வளவு சிரத்தையாக எழுதி என்ன பயன்?

அப்படியானால் இந்த ஏற்பாடெல்லாம் வீண்தானா என்றால், இல்லை. ஆனால் அதன் பலன் நாம் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. ரோகிணி பாண்டே, பெஞ்சமின் ஓல்கன் முதலிய பொருளியலறிஞர் நால்வர், இந்தியாவின் கிராமச் சாலைப் பணிகளையும் இந்தோனேசியாவின் பொதுப்பணிகளையும் எடுத்துக்கொண்டு, மின்னணு டெண்டர் வந்த இடங்களையும் வராத இடங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 2016-ல் வெளியிட்ட முடிவு என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. விலை குறைந்ததற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. அரசாங்கம் கொடுத்த பணம் ஏறக்குறைய அதே பணம்தான். ஆனால் இந்தியாவில் சாலையின் தரம் உயர்ந்திருந்தது. இந்தோனேசியாவில் வேலை முடிவதில் தாமதம் குறைந்திருந்தது. காரணத்தைத் தேடிப் போனபோது தென்பட்டது இது: வேலையைப் பெற்றவர்களில் வெளியூர்க்காரர்கள் அதிகமாகியிருந்தார்கள், அவர்கள் மேலான வேலைக்காரர்களாகவும் இருந்தார்கள்.

திருடனைப் பிடித்ததால் வந்த நன்மை அன்று இது. வாசலில் மறிக்கப்பட்டவன் உள்ளே வந்ததால் வந்த நன்மை. லஞ்சத்தைப் பற்றிய நம்முடைய நீதி விசாரங்களில் எப்போதும் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள்: கொடுப்பவனும் வாங்குபவனும். அவர்களுடைய பாபமென்ன, பிராயச்சித்தமென்ன என்று பேசிப் பேசி, டீக்கடையில் உட்கார்த்திவைக்கப்பட்ட மூன்றாமவனை நாம் மறந்தே போனோம். அவன் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. அவனிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கியதாகவும் தெரியவில்லை. அவன் பெயர் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. ஏறாமையே அவனுக்கு இழைக்கப்பட்ட அநியாயம். அவன் போட்டிருக்கக்கூடிய சாலையில் நடந்திருக்கவேண்டிய கிராமத்தாருக்கும், தாங்கள் இழந்தது இன்னதென்று தெரியாது. தெரியாத மனிதனுக்குத் தெரியாமலே இழைக்கப்படும் இந்தத் தீங்கைக் குற்றமாக உணர்வதற்கு வேண்டிய பயிற்சியை நம் சமூகம் நமக்கு அளிக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

அளிக்காததற்கும் காரணம் உண்டு. உறவினனைத் தாங்குவது இல்லறத்தானுக்குத் தர்மம்; தாங்காதவனை ஊர் தூற்றும். வள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரத்துக்கு அடுத்தபடியே ‘சுற்றந்தழால்’ என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். ஆளைத் தேர்ந்து வேலையை ஒப்படைப்பதும், சுற்றத்தாரை அணைத்துக்கொள்வதும், ஒரே அரசனுக்கு அடுத்தடுத்துச் சொல்லப்பட்டிருக்கின்றன. இரண்டும் ஒரே நாற்காலியில் மோதும்போது என்ன செய்வது என்பதுதான் சங்கடம். பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபையார் அந்தச் சங்கடத்துக்கு ஒரு விடை கண்டார்கள்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர்களையும் குடவோலையிலிருந்து விலக்கினார்கள், ஓலையைக் குடத்திலிருந்து எடுக்கும் கையும் ஒன்றும் அறியாத சிறுவனுடையதாக இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். உறவு அறியாத ஒரு கை வேண்டும் என்பதுதான் அவர்களுடைய தேட்டம். நம் காலத்தில் அந்தக் கை சர்வராக வந்திருக்கிறது.

வந்த கையும் எல்லாருக்கும் எட்டுகிற கையாக இல்லை. பேக்ஹோ ஒன்று சொந்தமாக வைத்துக்கொண்டு, ஊர் வாய்க்காலைத் தூர்வாரத் தகுதியும் அனுபவமும் உள்ள சிறு ஒப்பந்ததாரர், தம் டோக்கனையும் பாஸ்வேர்டையும் தாலுகா ஊரின் பிரவுசிங் சென்டர்க்காரரிடம் கொடுத்துவைத்திருப்பது சர்வ சாதாரணம். அதே மேசை இழுப்பறையில் அவருடைய போட்டியாளரின் டோக்கனும் கிடக்கும். சங்கேதக் குறிகளின் சாஸ்திரமெல்லாம் அந்த இழுப்பறைக்கு முன்னால் செல்லாது. இன்னும் சாமர்த்தியசாலிகள், உறையைத் திறக்கும் இடத்தை விட்டுவிட்டு, விவரக்குறிப்பு எழுதும் இடத்துக்கே குடிபெயர்ந்துவிட்டார்கள்: இத்தனை கோடி ஆண்டு வரவு, இன்ன அளவில் இன்ன பொருள், இத்தனை ஆண்டு முன்அனுபவம் என்று நிபந்தனைகளை ஒருவருடைய உடம்பை அளந்து தைத்த சட்டையைப்போல் தைத்துவிட்டால், அப்புறம் கணினி அதை நாடு முழுவதும் பரம நேர்மையோடு விளம்பரம் செய்யும்.

இயந்திரத்தால் முடியாத இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. குறைந்த விலை எது என்று அது நொடியில் சொல்லும். அந்த விலையில் அந்த வேலையைச் செய்யமுடியுமா என்று சொல்லாது. மதிப்பீட்டுக்கு முப்பது விழுக்காடு கீழே போட்ட, ‘எல்-1’ எனப்படும் மிகக் குறைந்த புள்ளியைப் பார்த்தவுடனே, இதில் சிமெண்டு எவ்வளவு குறையும் என்று அனுபவசாலியான பொறியாளருக்குத் தெரியும். தெரிந்தும் ஏற்றுக்கொள்கிறார். அசாதாரணமாகக் குறைந்த புள்ளிக்கு விளக்கமும் விலைப் பகுப்பாய்வும் எழுத்தில் கேட்க மத்திய அரசின் கொள்முதல் கையேடு இடம் கொடுக்கிறது. 2021 அக்டோபரில் நிதியமைச்சகம், தரத்துக்கு முக்கியத்துவம் வேண்டிய பணிகளில், 30 விழுக்காட்டுக்கு மேற்படாமல் தரத்துக்கும் மதிப்பெண் அளிக்கலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தும் விட்டது. ஆனாலும், குறைந்த புள்ளியை ஏற்றவரைத் தணிக்கை கேள்வி கேட்பது அபூர்வம். இரண்டாவது புள்ளியை ஏற்றவர் ஓய்வுபெற்ற பிறகும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க நேரும். பாபம் செய்ய வழியில்லாமல் ஆக்கப்பட்டவரிடமிருந்து, விவேகத்தைக் காட்டும் வழியும் கூடவே பிடுங்கப்பட்டுவிடுகிறது.

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் ஓரியானா பாண்டியெராவும் அவருடைய சகாக்களும் நடத்திய சோதனை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. எழுதுதாள், பேனா போன்ற சாதாரணப் பொருள்களை வாங்குகிற அலுவலர்களில் ஒரு பகுதியினருக்கு, காகிதக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திக் கைப்பணமும் கொடுத்துச் சுதந்திரமாக வாங்கச் சொன்னார்கள். தரம் குறையாமலே விலை 9 விழுக்காடு இறங்கியது. அதிலும், பில்லைப் பாஸ் செய்கிற கணக்குத் தலைமை அலுவலகம் எங்கே இழுத்தடிக்கிற அலுவலகமாக இருந்ததோ, அங்கே இறக்கம் அதிகம். கண்காணிப்பவர் எல்லாரும் சாட்சிகளல்லர். சிலர் தாங்களே வாசலை மறிப்பவர்கள். இதனால் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. பேனா வாங்குவது வேறு, பாலம் கட்டுவது வேறு. மனிதனை நம்பினால் கெடுவோம் என்னும் ஒரே சூத்திரத்தின்மேல் முழு மாளிகையையும் எழுப்புகிறவர்கள், அந்தச் சூத்திரத்தையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

நடைமுறையில் என்னுடைய கோரிக்கை சிறியது. இன்றைய திரைகளில் அதிகாரி ஒரு புள்ளியை நிராகரிக்கும்போது, ‘தொழில்நுட்பத் தகுதியின்மை’ என்பதுபோன்ற ஆயத்த வாசகங்களில் ஒன்றைச் சுட்டிவிட்டு மேலே போய்விடலாம். அந்த இடத்தில், தம் சொந்த வாக்கியங்களில் காரணம் எழுதித் தம் பெயரில் கையொப்பமிட்டாலன்றி அடுத்த பக்கம் திறக்காது என்று வைத்து, எழுதியதைப் பங்குகொண்டவர் அனைவரும் பார்க்கும்படி செய்யவேண்டும். நேரம் வீணாகும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். வழக்குக்கு வழிகோலும் என்று சட்டத்துறை சொல்லும். வழக்குக்கு வழிகோலத்தான் வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டத்திலேயே, பாதிக்கப்பட்ட ஒப்பந்ததாரர் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதியிருக்கிறது. எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து, இந்த அலுவலகத்தின் வாசலையே பார்த்திராத அயலான் அந்த மனுவில் மறுத்துப் பேசுவதற்கு ஒரு வாசகம் அகப்படவேண்டுமானால், அதிகாரி முதலில் அதை எழுதியிருக்கவேண்டும்.