ஆச்சியின் சாட்சியும் பெரியம்மாவின் கேள்வியும்



தொண்ணூறு தாண்டிய ஒரு தாயாரை அடக்கம்பண்ணுகிற வீட்டில் கதறி அழுகிறவர்கள் கொஞ்சம்தான். ஊர் ஜனங்கள் "கல்யாணச் சாவு" என்பார்கள். நாம் "மகிமைக்குள் பிரவேசித்தார்கள்" என்போம். பாட்டு, ஜெபம், அப்புறம் சாட்சி. சாட்சி சொல்ல எழும்புகிற எல்லாரும் நல்லதை மட்டுமே சொல்லுவோம். அதுதான் மரியாதை என்று நினைக்கிறோம். மரியாதைதானா?

எங்கள் ஆச்சி 2019-ல் 91 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். சின்ன வயதிலேயே விதவையாகி, ஓலைப்பெட்டி முடைந்து விற்று அஞ்சு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனிப் பானையில் போடாமல் ஒருநாளும் சமைத்ததில்லை. விடியற்காலம் நாலு மணிக்கு அவர்கள் ஜெபிக்கிற சத்தத்தில்தான் பேரப்பிள்ளைகள் நாங்கள் வளர்ந்தோம். நினைவு ஆராதனையில் இதெல்லாம் சொல்லப்பட்டது. எல்லாம் நிஜம்.

என் பெரியம்மா, அதாவது ஆச்சியின் மூத்த மருமகள், மட்டும் எழும்பிப் பேசவில்லை. கடைசி மூணு வருஷம் படுக்கையில் கிடந்த ஆச்சியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தது அவர்கள்தான். எல்லாரும் சாப்பிட்டுப் போனபின் பாத்திரம் கழுவுகிற இடத்தில் என்னிடம் சொன்னார்கள்: "நீங்க சொன்னதுல பாதிக்கு நானே சாட்சி. ஆனா கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளையில்லாம இருந்தப்போ என்னை மலடின்னு கூப்பிட்டதும் அதே வாய்தான்ப்பா. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லங்கிற மாதிரி எல்லாரும் பேசுனா, நான் பட்டது பொய்யா?"

இந்தக் கேள்வியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. சித்தப்பா ஒருவரிடம் பேசினேன். சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்து போய்த் தகப்பனை மூடினார்களே (ஆதி. 9:23), நாமும் மூடத்தானே வேண்டும் என்றார். நல்ல வாதம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் மூடினதை வேதம் மூடவில்லை. நோவா திராட்சரசம் குடித்து வெறித்ததை அப்படியே எழுதி வைத்திருக்கிறது. அன்பு பாவங்களை மூடும் என்று பேதுருவும் எழுதுகிறார், மெய்தான். ஆனால் மூட வேண்டியது யார்? அடிபட்டவர் மூடினால் அது அன்பு. அடிபடாத நாம் மூடும்போது, அடிபட்டவருடைய வாயையும் சேர்த்தல்லவா மூடிவிடுகிறோம்!

சாராளைப் பாருங்கள். வேதத்தில் எத்தனையோ பரிசுத்த ஸ்திரீகள் இருந்தும், மரித்த வயது சொல்லப்பட்டிருக்கிற ஒரே ஸ்திரீ சாராள்தான். 127 வயது (ஆதி. 23:1). எபிரெயர் 11-ல் விசுவாச வீரர்களோடு பேர் இருக்கிறது. அப்பேர்ப்பட்ட தாய் கூடாரத்துக்குள் நகைத்ததும், பயந்துபோய் நகைக்கவில்லை என்று சாதித்ததும், ஆகாரைக் கடினமாய் நடத்தினதும், பின்பு பிள்ளையோடுகூட அவளைத் துரத்தச் சொன்னதும் ஒன்றுவிடாமல் எழுதப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் எடுத்துவிட்டால் சாராள் இன்னும் பெரியவளாகியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. வனாந்தரத்தில் அழுத ஆகார்தான் காணாமல் போயிருப்பாள்.

குறையை எழுதினதால் துக்கம் குறைந்ததா? 137 வயதான ஆபிரகாம் அவளுக்காக அழுதார். எப்பெரோன் நிலத்தைச் சும்மா தருகிறேன் என்றும், 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கி மக்பேலா குகையிலே அடக்கம்பண்ணினார். ஈசாக்கின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். சாராள் 90 வயதில் அவனைப் பெற்றாள். ஆகவே அவள் மரிக்கும்போது அவனுக்கு 37. ரெபெக்காளை விவாகம்பண்ணும்போது 40 (ஆதி. 25:20). அதற்குப் பிறகுதான் தாயை இழந்த துக்கத்தில் அவனுக்கு ஆறுதல் கிடைத்தது. மூணு வருஷம்! வயசாகிப் போனவங்கதானே என்று நாம் எவ்வளவு சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம்.

எல்லாவற்றையும் மைக்கில் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாவு வீட்டில் பழைய கணக்குத் தீர்க்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது சாட்சியல்ல, பழிவாங்குதல். சில காரியங்களில் மௌனம் நல்லது. ஆனால் அன்று ஒருவர், "அம்மா வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்ததில்லை" என்று சாட்சி சொன்னார். அது மௌனமல்ல, பொய். அதைக் கேட்டதும்தான் பெரியம்மா எழும்பிப் பின்கட்டுக்குப் போனார்கள். அந்த ஏழு வருஷம் தெரியாதவர்களுக்கு இந்த மூணு வருஷத்தின் விலையும் தெரியாது. மருமகள் கடமையைச் செய்தாள் என்று போய்விடுவார்கள்.

பேரப்பிள்ளைகள் வாசிக்கட்டும் என்று ஆச்சியின் ஜீவியத்தை ஒரு நோட்டில் எழுதினோம். பெரியம்மாவிடம் சம்மதம் கேட்டு, அந்த ஏழு வருஷத்தையும் ரெண்டு வரியில் சேர்த்து, அவர்களுக்கே வாசித்துக் காட்டினேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இன்னொன்றையும் எழுதச் சொன்னார்கள். கடைசி வருஷத்தில் பெற்ற பிள்ளைகள் ஊட்டினால் ஆச்சி வாய் திறக்கமாட்டார்களாம். இவர்கள் கைபட்டால் மட்டும் திறப்பார்களாம்.