அறியாது உரைக்கும் ஆற்றுப்படை: செல்பேசி இடத்தரவும் கோலார் தங்கவயலும்

வழி அறிந்தவன் அறியாதவனுக்கு வழி கூறுதல் தமிழ் மரபில் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்தது. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுடன் எதிர்ப்படும் கலைஞனை ஆற்றுப்படுத்துவதற்குத் தொல்காப்பியம் இலக்கணம் வகுத்துள்ளது. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் மலைபடுகடாம் வழியின் இடர்களை விரிவாகப் பேசுவது. பன்றிக்கு வைத்த பொறி, புனங்காவலர் எறியும் கவண்கல், பாம்பு உறையும் இடம் எனக் காத்துக்கொள்ள வேண்டிய ஒவ்வொன்றையும் கூத்தன் ஒருவன் மற்றொருவனுக்கு எடுத்துரைக்கிறான். இன்று முன்னே நெரிசல் உண்டு எனச் செல்பேசி அறிவிக்கும்போது நிகழ்வதும் ஒருவகை ஆற்றுப்படையே. ஆயின், இங்கு வழி உரைப்பவன் தான் உரைப்பதை அறியான். இவ்வேறுபாடு அறவியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதா என்பதைக் கோலார் தங்கவயல் தமிழ்த் தொழிலாளர் வரலாற்றை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவீட்டின் முறை எளிது. செயற்கைக்கோள்களின் துணையால் இடமறியும் ஜி.பி.எஸ். கருவி செல்பேசிக்குள் உள்ளது. அது சில நொடிகளுக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. இரு இருப்பிடங்களுக்கு இடைப்பட்ட தொலைவும் காலமும் வேகத்தைத் தருகின்றன. ஒரே சாலையில் பல செல்பேசிகளின் வேகம் குறைந்தால் அங்கு நெரிசல் எனக் கொள்ளப்படும். 2008 பிப்ரவரி 8 அன்று கலிபோர்னியாவின் நெடுஞ்சாலை ஒன்றில் பெர்க்லி பல்கலைக்கழகமும் நோக்கியா நிறுவனமும் 100 கார்களைக் கொண்டு நிகழ்த்திய சோதனை, ஓட்டுநருள் 2 முதல் 5 விழுக்காட்டினரின் தரவே போதுமெனக் காட்டிற்று. அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் பயனர்களின் செல்பேசிகளிலிருந்து இவ்வாறு தரவு திரட்டுவதை வெளிப்படையாக அறிவித்தது.

பெர்க்லிச் சோதனையில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. செல்பேசி எந்நேரமும் தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கவில்லை. சாலையில் கற்பனையாக வரையப்பட்ட சில கோடுகளைக் கடக்கும்போது மட்டுமே வேகத்தைத் தெரிவித்தது. அளப்போர் தாமே தமக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டனர். கூகுளும் ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் அழித்துவிடுவதாக அப்போது கூறியது. எனினும் பெயரை நீக்கினால் ஆளும் மறைந்துவிடுவான் என்னும் நம்பிக்கை உறுதியானதன்று. 15 இலட்சம் பேரின் 15 மாதச் செல்பேசித் தரவை ஆராய்ந்து 2013-இல் வெளிவந்த ஆய்வொன்று, இடமும் நேரமும் கூடிய நான்கு புள்ளிகள் கிடைத்தால் 95 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என நிறுவியது. ஒருவர் செல்லும் வழிகளே அவரது கைரேகையாகிவிடுகின்றன என்பது இதன் பொருள்.

கைரேகை என்னும் சொல் தங்கவயலின் வரலாற்றுக்கு அயலானதன்று. ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் பொறுப்பேற்ற பின் வளர்ந்த இச்சுரங்கங்களில் உழைத்தோருள் பெரும்பகுதியினர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். அவருள்ளும் தாழ்த்தப்பட்டோரே மிகுதி. (நன்னனின் செங்கண்மாவும் பழைய வட ஆற்காட்டு எல்லைக்குள் அடங்கியதே.) 1930-இல் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதியவேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து அவர்கள் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். கைரேகை வலி தருவதன்று, கூலியைக் குறைப்பதுமன்று. ஆயினும் ஒரு சுரங்கத்திலிருந்து விலக்கப்பட்டவரை மற்றொரு சுரங்கத்தின் வாயிலில் இனங்காண அது போதும். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் மாற்றிக்கொண்டேனும் பிழைக்கும் வழியை அது அடைத்துவிடும். பதிவேடு யார் கையில் இருக்கும், எதற்குப் பயன்படும் என்பதே அவர்கள் முன் நின்ற வினா. அன்று கை நீட்ட மறுப்பதற்கு ஒரு கணம் இருந்தது. மையும் தாளும் கண்முன் இருந்தன. செல்பேசித் தரவில் அக்கணம் இல்லை. அமைப்புகளுக்குள் ஓரிடத்தில் ஒருமுறை அழுத்திய இசைவு அதன்பின் நினைவிலிருந்தே நீங்கிவிடுகிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. அது வலிமையான மறுப்பே. பிறர் தந்த தரவால் நெரிசலைத் தவிர்ப்பவன் தன் தரவைத் தர மறுப்பது நேர்மையாகுமா? நோயாளியைக் கொண்டுசெல்லும் ஊர்தி வழியறிந்து விரைவதும் இத்தரவால்தானே? பெற்றவன் பெறாதவனுக்கு உதவுதல் கடன் என்னும் ஆற்றுப்படை நெறியும் இம்மறுப்பின் பக்கமே நிற்கிறது. எனவே தருதல் கூடாது என்று வாதிடுவது பொருந்தாது. ஆயின் ஆற்றுப்படையில் கூத்தன் தன் சொல்லுக்குத் தானே பொறுப்பாகிறான். அறியாது உரைப்பவனிடம் அப்பொறுப்பு இல்லை. பொய்யுரைக்கச் செய்தாலும் அவன் அறியமாட்டான். 2020-இல் பெர்லின் நகரக் கலைஞர் சைமன் வெக்கர்ட் 99 செல்பேசிகளைச் சிறு கைவண்டியில் இட்டு இழுத்துச் சென்றார். வெறுமையான தெரு நிலப்படத்தில் நெரிசலாய்ச் சிவந்தது. 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்ததும், 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் இசைவைப் பற்றிய பேச்சை முன்னெடுத்தன. ஆனால் யாருடைய பயணம் அளவீட்டில் கணக்கிடப்படுகிறது என்ற வினா இசைவோடு முடிவதன்று.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதன்பின் தங்கவயலின் வாழ்வு ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருவைச் சார்ந்ததாயிற்று. மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம் நிலையங்களில் விடியுமுன் ஏறும் ஆயிரக்கணக்கானோர் பங்காருப்பேட்டை வழியாக நகரை அடைந்து இரவில் மீள்கின்றனர். சுரங்கத்திற்கென இடப்பட்ட இருப்புப்பாதையே சுரங்கம் இழந்தோரை இன்று சுமக்கிறது. பெங்களூருவில் 10 கி.மீ. கடக்க 2022-இல் சராசரியாக 29 நிமிடம் 10 நொடி ஆயிற்று என டாம்டாம் நிறுவனத்தின் அட்டவணை கூறியது. இத்தகைய எண்கள் நாளிதழ்களில் தலைப்பாகின்றன. மேம்பாலங்களுக்கான வாதமாகவும் ஆகின்றன. தங்கவயல் பயணி ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்திற்கு மேல் செலவிடுகிறார். அவர் செல்பேசியும் புள்ளிகளை வெளியிடுகிறது. சாலை நெரிசலைக் கணிக்கும் முறைக்கோ அப்புள்ளிகள் பிழைகள்; இருப்புப்பாதையில் விழுவன சாலை வேகத்தைக் கெடுத்துவிடாதபடி களையப்பட வேண்டியவை.

களைதல் கணக்கியலில் முறையானதே. சாலையை அளக்கும் கருவி சாலையைத்தான் அளக்கும். எனினும் சாலையின் காலம் நொடிவரை பொதுவெளியில் வெளியாகிறது; இருப்புப்பாதைப் பயணியின் காலத்திற்கு அத்தகைய நிலப்படம் இல்லை. 1930-இல் தங்கவயல் தொழிலாளர் பதிவேட்டில் சேர்க்கப்படுவதை மறுத்தனர். அவர்தம் பேரர்கள் கேளாமலே பதியப்பட்டு, கேளாமலே நீக்கப்படுகின்றனர். இரவு வண்டி பங்காருப்பேட்டையில் கிளைப்பாதைக்குத் திரும்பும்போது கதவோரம் நிற்பவரின் செல்பேசி அனுப்பும் புள்ளி, அருகில் ஓடும் எந்தச் சாலையோடும் பொருந்தாது. மாரிகுப்பத்தில் இறங்கி அவர் வீட்டுக்கு நடக்கும்போது புள்ளி சாலையின்மேல் வந்துவிடுகிறது; நடப்பவரின் வேகம் என இனங்கண்டு கணக்கு அதனையும் விலக்கிவிடுகிறது.