டாக்டரிடம் மறைக்காதீர்கள்

திருச்சியின் பாய்லர் ஆலைக் குடியிருப்பான கைலாசபுரத்தில் வரன் பேச்சு எடுத்தால் வேலை, குவார்ட்டர்ஸ், ஜாதகம் எல்லாம் பேசி முடித்தபின் தணிந்த குரலில் ஒரு கேள்வி வரும்: "அந்த வீட்டுல யாருக்கோ மனசு சரியில்லையாமே?" அண்ணனுக்கு இருதுருவ மனநோய் என்று தெரிந்தால் தங்கையின் கல்யாணம் தட்டிப்போகிறது. அந்தப் பயத்தில் வீட்டார் டாக்டரிடமும் வாய் திறப்பதில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்தது, தெரிய வேண்டியவருக்கு மட்டும் தெரியாமல் போகிறது. இந்தப் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

இந்த நோய் பலருக்கு வெறும் மனச்சோர்வாகத்தான் தொடங்கும். சோர்ந்து கிடக்கும் மகளை அழைத்துப் போகிறீர்கள். "வீட்டில் யாராவது நாள்கணக்கில் தூங்காமல், ஓயாமல் பேசி, கைக்கு மீறிச் செலவு செய்ததுண்டா?" என்று டாக்டர் கேட்கிறார். "அப்படி யாருமே இல்லீங்க" என்கிறீர்கள், சித்தப்பாவை மனதில் வைத்துக்கொண்டே. சோர்வுக்கான மாத்திரையை மட்டும் எழுதித் தருகிறார். இருதுருவ நோய் உள்ள சிலருக்கு அந்த மாத்திரையே, டாக்டர் கேட்ட அறிகுறிகளோடு வெறியெழுச்சியைக் கிளப்பிவிடும். சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியிருந்தால் டாக்டர் மருந்தை யோசித்துக் கொடுத்திருப்பார். சொன்னது வெளியே போகுமோ என்று அஞ்ச வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காப்பதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது.

"ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா?" என்பீர்கள். பாய்லர் குழாயின் வெல்டிங்கைப் படமெடுத்து, தேறியது தேறாதது என்று பிரித்துப் பழகிய ஊர் இது. மூளைக்கு அந்தச் சோதனை இன்னும் வரவில்லை. எனிக்மா என்ற உலகக் கூட்டாய்வு 2018-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டது. நோயாளிகளின் மூளைப் புறணி சராசரியில் சற்று மெலிந்திருந்தது. இந்த நோய்க்கான லித்தியம் மருந்தைச் சாப்பிடுவோரிடம் அந்த மெலிவு குறைவு. ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்தால்தான் தெரிகிற நூலிழை வேறுபாடு அது. உங்கள் மகனின் ஒற்றைப் படத்தை வைத்து அவனுக்கு நோய் வரும், வராது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கட்டி, ரத்தக்கசிவு போன்றவை இல்லையென்று உறுதி செய்யவே அவர்கள் ஸ்கேன் கேட்கிறார்கள். ஆகவே சம்பந்தி வீட்டாரிடம் ஸ்கேன் ரிப்போர்ட் கேட்காதீர்கள், கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால், நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரலாம். மற்றவர்களில் நூற்றுக்கு ஒருவர். ஆபத்து கூடுதல்தான், ஆனாலும் தொண்ணூறு பேருக்காவது வருவதில்லை. அவர்களை எதற்காக ஒதுக்கி வைக்கிறோம்? பெங்களூரு நிம்ஹான்ஸ், ஒரே வீட்டில் பலருக்கு மனநோய் உள்ள குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வருகிறது. நோய் உள்ளவரும் இல்லாதவரும் ரத்தம் கொடுத்து, மூளைப் படம் எடுக்கப் படுக்கிறார்கள். அவர்களுக்கு இருக்கும் துணிச்சல் நமக்கும் வரட்டும்.

நோய் வந்தவரைக் காப்பது வீட்டார் கடமை. தூக்கம் கெட்டால் நோய் திரும்பும். இரவு ஷிப்டிலிருந்து விலக்கு தேவையென்றால் டாக்டரின் கடிதத்தோடு கேளுங்கள். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனநோயையும் கணக்கில் சேர்த்திருக்கிறது. லித்தியம் சாப்பிடுபவருக்கு ரத்த அளவு, தைராய்டு, சிறுநீரகச் சோதனைகளைத் தவறவிடாதீர்கள். திருச்சி வெயிலில் உடம்பு வறண்டால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். வேளாவேளைக்குத் தண்ணீர் கொடுங்கள். வாந்தி, பேதி என்றால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். மனநோய் தீர வேண்டிக் குணசீலம் கோயிலுக்குப் போங்கள், பெருமாள் சன்னதியில் வழக்கப்படி 48 நாளும் இருங்கள். மாத்திரை டப்பாவும் கூடவே வரட்டும். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்போதே பேச ஆள் வேண்டுமா? 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகுமுன் தாத்தா, அத்தை, சித்தப்பா என்று மூன்று தலைமுறையில் யாருக்கு என்ன இருந்தது, எந்த மருந்து கேட்டது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அவர் கேட்பதற்கு முன்பே அதை மேசையில் வையுங்கள்.