ரேகைக்கு யார் அத்தாட்சி கேட்டார்கள்?

உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3. கைரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற பிறமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். ஒரு சாதி முழுவதையும் பிறவித் திருடர்கள் என்றது குற்றப் பரம்பரைச் சட்டம். அன்றைக்கு எந்த அதிகாரியாவது தாத்தாவின் பத்திரத்தைக் கேட்டாரா? இந்தச் சாதியா? நீட்டு விரலை. அவ்வளவுதான் விசாரணை.

இப்போது மதுரையை ஒட்டிய பரவைக்கு வாருங்கள். காட்டுநாயக்கன் குடும்பங்கள் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் போராடிப் பார்த்த ஊர். பழி சுமத்த ஆதாரம் தேவைப்படாத அரசாங்கத்துக்கு, படிப்பு என்றதும் மூன்று தலைமுறைக் காகிதம் வேண்டியிருக்கிறது.

போலிகள் புகுந்துவிடுவார்களே என்பீர்கள். புகுந்தார்கள்தான். பெயரில் ‘நாயக்கன்’ இருப்பதை வைத்து விளையாடியவர்களும் உண்டு. அவர்களைப் பிடியுங்கள். திருடன் தப்பிவிடுவான் என்று வீட்டுக்காரனையே வெளியில் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

சடங்கு என்ன, குலதெய்வம் எது என்று துருவும் சோதனை இன்னொரு கூத்து. நகரத்தில் வளர்ந்த பையன் காட்டு வாசனையோடு வந்து நிற்க வேண்டுமாம். என் குலத்துச் சடங்கில் மூன்றைச் சொல் என்றால் நானே முழிப்பேன். என் சாதியை யாரும் சந்தேகித்ததில்லை. அந்தச் சோதனையை மட்டும் உரைகல்லாகக் கொள்ளக் கூடாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சாதி ஒழிய வேண்டும் என்கிறவன் சாதிச் சான்றிதழுக்கு வாதாடலாமா? நல்ல கேள்வி. வாடகைக்கு வீடு கேட்கும்போதும் பெண் கேட்கும்போதும் காகிதம் இல்லாமலேயே சாதி பார்க்கிற நீங்களும் நானும் அதைக் கேட்கலாமா என்பது அதைவிட நல்ல கேள்வி.

நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க மத்திய அரசின் லோகூர் குழு பரிந்துரைத்தது 1965-இல். நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். 57 ஆண்டு தாமதம் எவர் தலைவிதியும் அல்ல. கோப்பின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் மனிதர்கள். பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் போதுமா? காட்டுநாயக்கன் பெயர் எப்போதோ ஏறியதுதானே!

1989 முதல் பழங்குடிச் சான்றிதழ் தருவது வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வின் பொறுப்பு. ஐயா, மறுப்பதானால் காரணத்தை எழுதி, பெயர் போட்டு, தேதியிட்டுக் கொடுங்கள். பிளஸ் டூ முடித்த காட்டுநாயக்கன் வீட்டுப் பெண் அடுத்த மாதம் கல்லூரி விண்ணப்பத்தில் சாதி என்ற இடத்தில் என்ன எழுத வேண்டும் என்பதையும் அதே தாளில் சொல்லிவிடுங்கள்.