கோலிக்குண்டும் நடுவுநிலையும்

மனிதன் சேர்க்கும் பொருள்களுள் மிகச் சிறியது எது என்று கேட்டால், கோலிக்குண்டைக் காட்டலாம். சிறுவனின் கைக்குள் அடங்கிவிடும் அக்கண்ணாடி உருண்டைக்குள் அறநூலார் ஆராயத்தக்க வினா ஒன்றும் அடங்கியிருக்கிறது. ஒரு பொருளின் மதிப்பை அறிந்தவன், அதனை அறியாதவனிடம் அப்பொருளை வாங்கும்போது வாய்திறவாமல் இருப்பது முறையா என்பதே அவ்வினா.

பழைய கோலிகளைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் முதலில் பார்ப்பது உருண்டையின் நிறத்தை அன்று; அதன் மேலுள்ள தழும்பையே பார்க்கின்றனர். செருமனியின் லௌஷா என்னும் ஊரில் 1840களில் கோலி செய்வதற்கென ஒரு கத்தரி உருவாயிற்று. வண்ண இழைகள் முறுக்கிய கண்ணாடிக் கோலைச் சூடாக்கி, அக்கத்தரியால் உருட்டி வெட்டினர். வெட்டிய இடத்தில் சிறு வடு நின்றது. 1905இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக் கிறிஸ்டென்சன் கோலி செய்யும் பொறிக்கு உரிமம் பெற்றார். பொறியில் உருண்ட கோலிக்கு அவ்வடு இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப்பின், உள்ளே பூனையின் கண்போன்ற இழை கொண்ட மலிவான கோலிகள் சப்பானிலிருந்து பல நாடுகளுக்கும் பரவின. 1872இல் இங்கிலாந்தில் காட் என்பார் உரிமம் பெற்ற சோடாப் புட்டியை உடைத்தும் சிறுவர் கோலி எடுத்தனர். ஆகவே, கைவினைக் கோலியின் வடுவே பலவேளைகளில் அதன் பெருமைக்குச் சான்றாகிறது. வடுவைக் குறையென்று எண்ணுபவர் அதன் விலையையும் அறியார்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானை அடுத்துள்ளது ராசா. ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த அவ்வட்டாரத்தில் இன்று வீடமைப்புப் பகுதிகள் பெருகிவிட்டன. தோட்டத்து லயங்களின் முன்றிலில் ரப்பர் விதையும் கோலியுமே சிறுவர்களின் செல்வமாக இருந்த காலம் ஒன்று உண்டு. லயத்தைக் காலி செய்யும் குடும்பம் எதை எடுத்துச் செல்லும்? அம்மிக்கல்லும் சாமி படமும் வண்டியேறும். பழைய தகர டப்பா பெரும்பாலும் குப்பைமேட்டுக்கே போகும்.

இனி, ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். கோலி சேர்க்கும் இளைஞன் ஒருவன் அத்தகைய வீட்டுக்கு வருகிறான். டப்பாவிலுள்ள நூறு கோலிகளில் தொண்ணூற்றொன்பது சாதாரணமானவை. ஒன்றில் மட்டும் வெட்டுத் தழும்பு தெரிகிறது. விலை கேட்கிறான். “விளையாட்டுச் சாமானுக்கு என்ன விலை தம்பி? கொடுப்பதைக் கொடுத்துவிட்டுப் போ” என்கிறார் பாட்டி. அவன் இரண்டு வெள்ளி கொடுத்து டப்பாவை வாங்குகிறான். அந்த ஒன்று பல நூறு வெள்ளி பெறும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் பொய் சொல்லவில்லை, திருடவுமில்லை. தவறு செய்தானா?

இல்லை என்பார் கூறும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தழும்பை அறியும் கண் அவனுக்கு உழைப்பால் வந்தது. உழைப்புக்கு ஊதியம் வேண்டாவா? அவன் வராவிடில் அக்கோலி மண்ணுக்குள் போயிருக்கும். மேலும், விலைக்கு அவரே இசைந்தார்.

உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அவ்வூதியம் எவ்வளவு என்பதை அவன் ஒருவனே முடிவு செய்தான். பாட்டியின் பங்கையும் அவனே முடிவு செய்தான். இசைவு என்பது இன்னதற்கு இசைகிறோம் என்று அறிந்து தருவது. அவர் இசைந்தது விளையாட்டுச் சாமானை விற்பதற்கு. அவன் வாங்கியதோ வேறொரு பொருள். கடைவீதியில் இரு வணிகர் பேரம் பேசும்போது இருவருக்கும் கண் உண்டு. இங்கே ஒருவருக்கு மட்டுமே கண் இருந்தது. அவனுடைய மௌனம் அதனால்தான் பொய்யின் வேலையைச் செய்தது. தோட்டத் தமிழர்க்கு இது புதிய பாடம் அன்று. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, நிலத்தின் விலையை விற்றவரும் வாங்கியவரும் அறிவர். அங்கே வாழ்ந்தவரிடம் எவரும் கேட்கவில்லை. அதற்கு விடையாகவே துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அறியாமலும் கேட்கப்படாமலும் இருப்பதன் இழப்பு எவ்வளவு பெரிது என்பதை அச்சமூகம் நன்கு அறியும்.

அப்படியாயின் அவன் என்ன செய்திருக்க வேண்டும்? “பாட்டி, இதில் ஒன்று நல்ல விலை போகும். விற்றுத் தருகிறேன், என் உழைப்புக்கு ஒரு பங்கு கொடுங்கள்” என்று சொல்லியிருக்கலாம். தேடியவனுக்கும் பயன், வைத்திருந்தவர்க்கும் பயன். அவனுக்குக் குறைவது இலாபத்தின் ஒரு பகுதியே. அதுவும் தொடக்கமுதல் அவனுடையது அன்று.

இதே அளவுகோல் விற்கும்போதும் பொருந்தும். அடிபட்டுச் சிதைந்த கோலிக்கு மெருகேற்றுவது குற்றமன்று; அதை அடிபடாத கோலியென்று விற்பதே குற்றம். வாங்கும்போது மறைத்துப் பழகியவனுக்கு விற்கும்போது மறைப்பது அரிதன்று.

பிறர் பொருளையும் தம் பொருள்போல் கருதவேண்டும் என்ற வாணிக நெறியை வள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். கொள்வதும் கொடுப்பதும் திறமையின்பாற்பட்டன என்பதற்கு முன்னரே அவை அறத்தின்பாற்பட்டன என்பது அதனால் விளங்கும். அந்தத் தகர டப்பாவுக்குரிய சிறுவர்களும் ஒருகாலத்தில் இதனை அறிந்தே இருந்தனர். நடுவர் எவரும் இல்லாத அவர்கள் ஆட்டத்தில், கோட்டைத் தாண்டி நின்று அடித்தவனை மறுநாள் யாரும் ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொள்வதில்லை.