விற்றது நாமா?

தாத்தாவின் வீட்டை விற்றபோது எனக்குப் பதினேழு வயது. அப்பா, இரண்டு சித்தப்பாக்கள், இரண்டு அத்தைகள் என ஐந்து பேருக்குப் பொதுவான வீடு. கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். எல்லோரும் அப்பாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா விற்றார், கடனை அடைத்தார், மிச்சத்தை ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தார். அன்றைக்குப் பெரிய அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அண்ணா, வேற யாரெல்லாம் வந்து பார்த்தாங்க? எவ்வளவு சொன்னாங்க?"

அப்பா கையிலிருந்த காபி டம்ளரைத் தரையில் வைத்தார். "அப்ப என்னைத் திருடன்ங்கறியா?"

அவ்வளவுதான். அத்தை அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பா திருடவில்லை. அது அத்தைக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஏன் கேட்டார்? சந்தேகம் இல்லாமல் ஒருவரிடம் கணக்குக் கேட்க முடியுமா? ரொம்ப வருஷம் எனக்குள் கிடந்த இந்தக் கேள்வி மறுபடி தலைதூக்கியது, 2016இல் வேலை நிமித்தம் டப்ளினில் இருந்தபோது. அங்கே நாடாளுமன்றக் குழு விசாரணைகளைத் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம். ஒரு மாலை பொதுக் கணக்குக் குழு கூடியிருந்தது. ஒரு பக்கம் உறுப்பினர்கள், எதிரே ஓர் அரசு நிறுவனத்தின் அதிகாரிகள். கேள்வி எங்கள் அத்தை கேட்டதுதான். பதிலில் இருந்த தொனியும் ஏறக்குறைய அப்பாவினுடையதுதான்.

அந்த நிறுவனத்தின் பெயர் தேசியச் சொத்து மேலாண்மை முகமை. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'நாமா' என்பார்கள். தமிழ்க் காதில் அது ஒரு கேள்வியாகவே விழும். நாமா? விற்றது நாமா?

கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். 2000களில் அயர்லாந்து வங்கிகள் கட்டுமானத் தொழிலதிபர்களுக்குக் கடனை அள்ளிக் கொடுத்தன. 2008இல் நிலத்தின் விலை சரிந்து வங்கிகள் ஆட்டம் கண்டன. அந்த செப்டம்பர் கடைசியில் அரசு வங்கிகளின் கடன் பொறுப்புகளுக்கு உத்தரவாதம் கொடுத்தது. 2009 இறுதியில் நாமா பிறந்தது. ஐந்து நிதி நிறுவனங்களிடமிருந்து, பத்திரத்தில் 74 பில்லியன் யூரோ என்று எழுதியிருந்த சொத்துக் கடன்களை 31.8 பில்லியனுக்கு வாங்கிக்கொண்டது. 57% தள்ளுபடி. அந்த வாராக்கடன்களை வசூலித்தோ விற்றோ, அரசுக்கு முடிந்தவரை அதிகப் பணத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் அதன் வேலை.

இதில் ஜனங்கள் யாரும் பவரில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் விலை கொடுத்தது அவர்கள்தான். அரசு ஊழியர் சம்பளம் வெட்டப்பட்டது. 2010 நவம்பரில் நாடு ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் கையேந்தியது. 2011இலிருந்து சம்பளத்தில் ஒரு புது வரி பிடித்தம் வந்தது. நான் டப்ளினில் இருந்தபோது என் சம்பளச் சீட்டிலும் அது இருந்தது. ஆக அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கும் நூலிழை பாத்தியதை உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

விசாரணைக்கு வந்த விவகாரத்துக்கு 'கழுகுத் திட்டம்' என்று பெயர். வட அயர்லாந்துக் கடன்காரர்களின் கடன்கள் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 2014இல் செர்பரஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு நாமா விற்றது. விலை சுமார் 1.32 பில்லியன் பவுண்டு. 2016 செப்டம்பரில் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இந்த விற்பனை முடிவால் அரசுக்கு 190 மில்லியன் பவுண்டு வரை இழப்பு ஏற்பட்டிருக்கலாம் என்றது. நாமா இதை அடியோடு மறுத்தது.

சண்டை எங்கே என்று பார்த்தால் ஒரு சின்ன எண்ணில் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து வரப்போகும் 100 ரூபாய் இன்றைக்கு எவ்வளவு பெறும்? ஆண்டுக்கு 5.5% கழித்தால் சுமார் 58 ரூபாய் 50 காசு. 10% கழித்தால் சுமார் 38 ரூபாய் 50 காசு. நாமா வழக்கமாகத் தன் கடன்களை மதிப்பிட்டது 5.5 சதவீதத்தில். இந்த மூட்டைக்கு மட்டும் 10 சதவீதம். "வாங்குகிறவன் அப்படித்தான் கணக்குப் போடுவான், வடக்கில் சந்தை படுத்துக் கிடந்தது, சில்லறையாக விற்றிருந்தால் இதைவிட அதிகம் வந்திருக்காது" என்பது நாமாவின் வாதம். "உன் வழக்கத்தை இங்கே மட்டும் ஏன் மாற்றினாய், அதற்கான காரணம் எந்தக் கோப்பில் இருக்கிறது" என்பது தணிக்கையாளரின் வாதம்.

யார் சொல்வது சரி? முதலில் எனக்கும் அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டு மூன்று அமர்வுகள் பார்த்த பிறகுதான் உறைத்தது: அதற்கு விடையே கிடையாது. நடக்காத ஒன்றுக்குச் சாட்சி எங்கே தேடுவது? விற்காமல் வைத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பதை எந்தக் குழுவாலும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் தாத்தா வீட்டுக்கும் அதே கதிதான். ஒரு வருஷம் பொறுத்திருந்தால் கூடக் கிடைத்திருக்குமா? யாருக்குத் தெரியும்?

2017 மார்ச்சில் வந்த குழுவின் அறிக்கையை அதனால்தான் கவனமாகப் படிக்க வேண்டும். நாமா ஏமாற்றியது என்று அது முடிவு கட்டவில்லை. விற்பனை உத்தியில் இருந்த பெரிய குறைகளால், நாட்டுக்குத் தகுந்த விலை கிடைத்தது என்று நாமாவால் நிரூபித்துக் காட்ட முடியவில்லை என்றது. தவறு செய்தாய் என்பது ஒரு குற்றச்சாட்டு. சரியாகச் செய்தாய் என்று காட்ட உன்னிடம் எதுவும் இல்லை என்பது வேறொரு குற்றச்சாட்டு. முதலாவது ஒரு மனிதனின் நேர்மையைத் தொடுகிறது. இரண்டாவது அவன் வகிக்கும் பொறுப்பைத் தொடுகிறது. பிறர் பொருளைக் கையாள்பவன் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, பிறர் பார்க்கும்படி நேர்மையாக இருக்க வேண்டும். அப்பா முதல் கேள்வியைக் கேட்டதாக நினைத்துக் கோபப்பட்டார். அத்தை கேட்டது இரண்டாவதை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வியாபாரம் செய்கிறவன் தன் குறைந்தபட்ச விலையை ஊருக்குச் சொல்லிவிட்டு எப்படிப் பேரம் பேசுவான்? நாமா சட்டமே ரகசியக் காப்பை வலியுறுத்துகிறது, கடன்காரர்களின் அந்தரங்கமும் அதில் அடங்கியிருக்கிறது. நியாயம்தான். ஆனால் ரகசியத்துக்கும் தவணை உண்டு. விற்று முடித்த பிறகு குறைந்தபட்ச விலையை யாரிடமிருந்து காப்பாற்றுகிறோம்? அதன் பிறகும் மூடி வைத்தால் அது பேரத்தைக் காக்கவில்லை, பேரம் பேசியவரைத்தான் காக்கிறது.

கழுகு விவகாரத்தில் திறந்து பார்க்கக் காரணமும் இருந்தது. ஏலத்தில் இருந்த பிம்கோ நிறுவனம் 2014 மார்ச்சில் விலகிக்கொண்டது. தான் வாங்கினால் 15 மில்லியன் பவுண்டு கட்டணம் கொடுக்க ஏற்பாடு இருப்பதாகவும், அதில் மூன்றில் ஒரு பங்கு நாமாவின் வட அயர்லாந்து ஆலோசனைக் குழுவில் முன்பு இருந்த ஒருவருக்கு என்றும் அதுவே நாமாவிடம் தெரிவித்திருந்தது. அதைக் கேட்ட பிறகும் விற்பனை நிற்காமல் தொடர்ந்தது. குழுவைப் பொறுத்தவரை, 190 மில்லியனைவிட இதற்குத்தான் எழுத்தில் ஒரு காரணம் வேண்டும் என்று எனக்குப் பட்டது.

அடுத்த மறுப்பு, ஜெயித்தவனின் மறுப்பு. 2017 அக்டோபருக்குள் நாமா தன் பிரதானக் கடனான 30.2 பில்லியன் யூரோவை முழுதாக அடைத்துவிட்டது. பிறகு பில்லியன் கணக்கில் உபரியையும் அரசுக்குக் கொடுத்தது. "லாபம் காட்டியாச்சு, அப்புறம் என்னய்யா கேள்வி?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதத்தை ஒத்துக்கொண்டால், நஷ்டம் வந்தவனிடம் மட்டும்தான் கணக்குக் கேட்க முடியும். அப்போது கணக்குக் கேட்பது உண்மையிலேயே அவமானமாகிவிடும். எல்லோரிடமும் கேட்கும்போதுதான் அது யாருக்கும் அவமானம் இல்லை.

கேட்கிறவர்களுக்கும் தர்மம் உண்டு. குழுவில் சிலர் பதிலைவிட மறுநாள் பத்திரிகையில்தான் கண்ணாக இருந்தார்கள். 2016இன் விலையை வைத்துக்கொண்டு 2014இல் எடுத்த முடிவைக் கடிவது சுலபம். அன்றைக்கு அவர்கள் கையில் என்ன தகவல் இருந்தது, அதை வைத்து எப்படி யோசித்தார்கள் என்று கேட்பதுதான் முறை. அத்தையின் கேள்வி அப்படித்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. "இன்னும் கூட விலை வந்திருக்குமே" என்று அவர் சொல்லவில்லை. "யாரெல்லாம் வந்தாங்க" என்றுதான் கேட்டார். வீடு அவருடையதும்தான். அது கைமாறிய கதை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் புரிந்துகொண்டவன் போல எழுதுகிறேன். போன மாதம் எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் மூன்றாவது மாடி அம்மா எழுந்து, "பெயின்ட் அடிக்க எத்தனை பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினீங்க சார்?" என்று கேட்டார். பொருளாளர் நான்தான். காது சூடாகிவிட்டது. ஒரு பைசா தொடாதவனைப் பார்த்து இப்படிக் கேட்கிறாரே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அப்பா சொன்ன அதே வாக்கியம்.

"மூணு பேர்கிட்ட வாங்கினேன்மா, நாளைக்கு நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறேன்" என்றேன். வீட்டுக்கு வந்து ஃபைலைத் தேடினேன். இரண்டுதான் இருந்தது. மூன்றாமவர் போனில் சொன்ன விலையை நான் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. மறுநாள் அந்த இரண்டையும் ஒட்டி, கீழே அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.