கலையிலிருந்து பிறக்கும் வித்தை

காஞ்சிபுரத்தை அடுத்த மாகறலில், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற மாகறலீசர், உளி படாத சுயம்புலிங்கமாக, உடும்பின் வால் போன்ற வடிவில் எழுந்தருளியிருக்கிறார். கைபடாத திருமேனியை வணங்கும் இவ்வட்டாரமே கைத்திறனால் பெயர்பெற்ற பட்டு நெசவின் வட்டாரமுமாக இருப்பதால், கையால் கற்கும் கல்வி ஞானத்தோடு தொடர்புடையதா, வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் உரியதா என்னும் வினா இங்கே ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை.

பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்க்கும் வேலைக்குரிய திறனைக் குறைந்த செலவில், தம் ஊருக்கு அருகிலேயே கற்பிக்கும் நிறுவனம் சமுதாயக் கல்லூரி எனப்படும். அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் நகரில் வேர்கொண்ட இம்முறை, 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தொடங்கியது. இத்தகைய கல்லூரிகளில் கற்பிக்கத்தக்க பொறியியல் தொழில்நுட்பம், கோட்பாட்டை வகுப்பதைவிட, வகுத்த கோட்பாட்டைப் பொறியில் இயக்கிக் காட்டுவதையே முதன்மையாகக் கொள்வது. பட்டப் படிப்புக்கு இரண்டாந்தரமானது என்று ஊரார் அதை எண்ணுவதும் அதனாலேதான்.

சைவ சித்தாந்தமும் அவ்வாறே கருதுவதாக மேற்போக்கில் தோன்றலாம். கருவிகளாலும் நூல்களாலும் பெறும் அறிவைப் பாசஞானம் என வகுத்து, அது இறைவனை அறியப் போதாது என்று அந்நெறி கூறுகிறது. ஆயின் அதே நெறியின் தத்துவ வரிசையில், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவமல இருளை ஒரு சிறிது நீக்கி உயிரின் செயலாற்றலை எழுப்புவது கலை. அக்கலையிலிருந்து தோன்றி அறிவாற்றலை விளக்குவது வித்தை. அதிலிருந்து தோன்றி விருப்பத்தை எழுப்புவது அராகம். செயல் முந்துகிறது, அறிவு அதன்வழி வருகிறது. இது தத்துவங்களின் தோற்றமுறையே அன்றிப் பாடத்திட்டம் அன்று என்பது உண்மையே. எனினும் செயலை அறிவுக்குப் பிந்திய எடுபிடியாகக் கருதும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை.

தறிமேல் அமர்ந்து, துளையிட்ட அட்டைகளால் நெசவின் கோலத்தை வகுக்கும் ஜக்கார்டு பெட்டியில், செயல்வழி அறிவு வருவதைக் கண்ணாரக் காணலாம். அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி நுழைந்துவிட, அதற்குரிய கொக்கி மேலேறிப் பாவு இழையைத் தூக்குகிறது. துளையில்லாத இடத்தில் ஊசி பின்தள்ளப்பட, கொக்கி விலகி இழை கீழேயே நிற்கிறது. துளை உண்டு, துளை இல்லை என்னும் இவ்விரண்டே நிலைகளைக் கொண்டு ஊடை எங்கே வெளித்தெரிய வேண்டும், எங்கே மறைய வேண்டும் என்பது முடிவாகிறது. தூக்கிய இழையைக் கையால் தொட்டறிந்த மாணவனுக்கு, பின்னாளில் கணினியின் ஒன்றும் சுழியும் புதிராக இரா.

இத்தொழிலறிவு வீடுபேற்றைத் தரும் என்று சித்தாந்தம் கூறவில்லை. அது வீடுபேற்றுக்குத் தடை என்றும் கூறவில்லை. அறுபத்துமூவருள் ஒருவரான நேச நாயனார் நெசவாளர். மனத்தை இறைவன் திருவடிக்கும் வாக்கை ஐந்தெழுத்துக்கும் ஆக்கி, கைகளால் உடையும் கீளும் கோவணமும் நெய்து அடியார்க்கு அளித்ததே அவர் செய்த தொண்டு.